ஏற்கனவே சத்தம் வரும் காருக்கு எந்த வாரண்டி?

கார் வாங்கி மூன்று வருடம் முடியப்போகிறது. ஷோரூமிலிருந்து போன் வருகிறது: "சார், உங்க வாரண்டி இந்த மாசத்தோட முடியுது. எக்ஸ்டெண்ட் பண்ணிக்கிறீங்களா?" அந்தச் சமயத்தில் காரில் ஏதோ ஒன்று சரியில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் முன்பக்கம் டக்கென்று ஒரு சத்தம், அல்லது சித்திரை வெயிலில் ஏசி முன்பு போலக் குளிர்வதில்லை. பணம் கட்டி வாரண்டியை நீட்டித்தால் இந்தக் குறையும் அதில் அடங்குமா?

அடங்காது. நீட்டிப்பு வாரண்டி எதுவாக இருந்தாலும், அது தொடங்கும் தேதிக்கு முன்பே தெரிந்திருந்த பழுதுக்குப் பணம் தராது. கார் கம்பெனி விற்பதும் அப்படித்தான், வெளி நிறுவனம் விற்பதும் அப்படித்தான், பழைய கார் விற்பவர் தருவதும் அப்படித்தான். வித்தியாசம் எல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பழுது "முன்பே இருந்தது" என்று யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள், அப்படி இல்லை என்று காட்ட உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது? விலையையும் வருடக் கணக்கையும் பார்ப்பதற்கு முன் இந்த மூன்றையும் வைத்துத் திட்டங்களை ஒப்பிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளை அப்படியே பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மெடிக்கல் இன்சூரன்ஸில் ஏற்கனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அதை அதிகபட்சம் 4 வருடத்திலிருந்து 3 வருடமாகக் குறைத்தது. அந்தக் காலம் முடிந்தால் அந்த நோய்க்கும் பாலிசி பணம் தரும். கார் வாரண்டியும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சில வாரண்டித் திட்டங்களிலும் முதல் சில வாரங்களுக்கோ சில நூறு கிலோமீட்டருக்கோ கிளெய்ம் கிடையாது என்று இருக்கும். ஆனால் அதன் நோக்கமே வேறு. ஏற்கனவே உள்ள பழுது அந்த இடைவெளியில் வெளியே வந்துவிடும், அதை உங்கள் தலையில் போட்டுவிடலாம் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. காத்திருந்து முடித்ததால் பழைய பழுது புதிய பழுதாக மாறிவிடாது.

கம்பெனி வாரண்டி உயிரோடு இருக்கும்போதே நீட்டிப்பது

என் கணக்கில் இதுதான் முதல் இடம். காரணம் எளிது: நடுவில் இடைவெளி இல்லை. உதாரணமாக மாருதி சுஸுகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்பதிலிருந்து 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. அதற்கு மேல் நீட்டிப்புத் திட்டம் எடுத்தால் 6 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை போகலாம். எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. தினமும் தாம்பரத்திலிருந்து சிறுசேரி போய்வருபவருக்குக் கிலோமீட்டர் முந்தும், வார இறுதியில் மட்டும் வண்டி எடுக்கும் மயிலாப்பூர்க்காரருக்கு வருடம் முந்தும். உங்களுக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி இல்லாமல் ஒரே கம்பெனியின் வாரண்டி தொடரும்போது, இரண்டாம் வருடத்தில் தொடங்கிய பழுதும் நான்காம் வருடத்தில் தொடங்கிய பழுதும் ஒரே வீட்டுக் கணக்கில்தான் வருகின்றன. "இது முன்பே இருந்தது" என்று சொன்னால், "அப்படியானால் உங்கள் பழைய வாரண்டியிலேயே செய்திருக்க வேண்டியதுதானே" என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு வலு வேண்டுமென்றால், குறை அந்தக் காலத்திலேயே ஜாப் கார்டில், அதாவது சர்வீஸுக்கு விடும்போது குறைகளைப் பதியும் தாளில், ஏறியிருக்க வேண்டும்.

ஜாப் கார்டு என்கிற அந்த ஒரு தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சர்வீஸுக்கு விடும்போது அட்வைசர் டேப்லெட்டில் வேகமாகத் தட்டுவார். நீங்கள் ஐந்து நிமிடம் விளக்கிச் சொன்ன குறை, அதில் "ஜெனரல் செக்கப்" என்று இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடும். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அன்றைக்கு இருபது வண்டி. ஆனால் பிற்பாடு பேசப்போவது அந்த இரண்டு சொல்தான். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற பகுதியைப் படியுங்கள். "இடது முன்பக்கம், ஸ்பீடு பிரேக்கர் இறங்கும்போது டக் டக் சத்தம், ஒரு மாதமாக" என்று இருக்க வேண்டும். கிலோமீட்டர் சரியாக இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது அந்தக் குறைக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பழுதைச் சரிசெய்திருந்தால் நல்லது. "பழுது எதுவும் தென்படவில்லை" என்று எழுதியிருந்தால் எரிச்சல் வரும்தான், ஆனால் அதைப் பத்திரமாக வையுங்கள். நீட்டிப்பு தொடங்குவதற்கு முன் பழுது இல்லை என்று அவர்களே எழுதிக்கொடுத்த தாள் அது. நாளைக்கு அதே பாகம் உடைந்தால், "முன்பே இருந்தது" என்று சொல்ல அவர்களுக்கு வழி குறைவு.

ஏசி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சென்னையில் பலரும் செய்வது இதுதான்: ஏப்ரல் மாதம் குளிர்ச்சி குறைகிறது, பக்கத்துக் கடையில் கேஸ் டாப்-அப் செய்கிறார்கள், அந்தக் கோடை ஓடிவிடுகிறது. அடுத்த வருடமும் அதே. ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் கிடையாது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ஒரே வருடத்தில் குளிர்ச்சி போகிற அளவுக்குக் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் கூலிங் காயிலிலோ, கண்டென்சரிலோ, குழாய் மூட்டிலோ. வாரண்டிக்குள் இருக்கும்போது சர்வீஸ் சென்டரில் சொல்லியிருந்தால் கசிவைத் தேடிப் பாகத்தை மாற்றியிருப்பார்கள். கூலிங் காயில் என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே இறக்கி ஏற்றும் வேலை, கூலி மட்டுமே கணிசமாக வரும். வெளிக்கடையில் டாப்-அப் செய்த பில் இருந்தால் இரண்டு பக்கமும் அடி. கசிவு அப்போதே இருந்தது என்பதற்கு அது சாட்சி, அங்கீகாரம் இல்லாத இடத்தில் கைவைத்தீர்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. பங்குனி பிறந்ததும் வண்டியை சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.

இந்த வழியின் பலவீனமும் சொல்ல வேண்டும். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், பல்பு, பேட்டரி, டயர், சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் எல்லாம் தேயும் பாகங்கள் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். முன்பக்கச் சத்தத்துக்குக் காரணம் புஷ் என்றால் வாரண்டி நீட்டித்தும் பயனில்லை. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்கு நடுவே முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையிலேயே வாழும் கிளட்ச் சீக்கிரம் தேயும், அதற்கும் இங்கே இடமில்லை. சர்வீஸ் தேதியைத் தவறவிட்டாலும், எல்இடி விளக்குக்கோ ஹாரனுக்கோ வயரை வெட்டி இணைத்திருந்தாலும், அது சம்பந்தப்பட்ட கிளெய்ம் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்டீரியோ மாற்றப் போகிறவர்கள், வயரை வெட்டாமல், செருகி இணைக்கும் கப்ளரிலேயே பொருத்தச் சொல்ல வேண்டும். சின்ன விஷயம், ஆனால் மின்சாரப் பழுது கிளெய்மில் முதலில் தேடுவது அதைத்தான்.

வாரண்டி முடிந்த பிறகு பரிசோதித்துத் தரும் திட்டம்

தேதியைத் தவறவிட்டவர்களுக்குச் சில கம்பெனிகள் இன்னொரு வாய்ப்புத் தருகின்றன. ஹோண்டாவின் எனிடைம் வாரண்டி இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். வண்டியைக் கொண்டுபோனால் பரிசோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் திட்டம் தருவார்கள். குறை இருந்தால் முதலில் உங்கள் செலவில் சரிசெய்யச் சொல்வார்கள்.

கேட்க நியாயமாகவே இருக்கிறது. இதில் எல்லாமே அந்தப் பரிசோதனைத் தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாளின் பிரதி உங்கள் கையில் இருந்தால் இது நல்ல திட்டம். இல்லாவிட்டால் மோசமான திட்டம். குரோம்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இப்படி ஒரு பரிசோதனைத் திட்டம் எடுத்தார். பணம் கட்டினார், சான்றிதழ் வந்தது, பரிசோதனைத் தாளை யாரும் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. சில மாதம் கழித்து ஸ்டியரிங்கில் ஆட்டமும் சத்தமும் வந்தது. கிளெய்முக்குப் போனபோது கவுன்டரில் ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். "சார், இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கே லேசான பிளே, அதாவது ஆட்டம், இருக்குன்னு நோட் பண்ணிருக்கோம், பாருங்க." கட்டத்துக்குள் டிக் இருந்தது, பக்கத்தில் பொடி எழுத்தில் அந்தக் குறிப்பும் இருந்தது. அவருடைய கையெழுத்து கீழே இல்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா சரி பண்ணிட்டுத்தானே வாங்கியிருப்பேன்" என்று அவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஸ்டியரிங் ரேக் செலவை அவரே கொடுத்தார். குறையைக் குறித்துக்கொண்டு, அதைச் சொல்லாமல் திட்டத்தையும் விற்றுவிட்டு, பிறகு அதே குறிப்பைக் காட்டி மறுப்பது நியாயமே இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் மூன்று பக்கமோ நான்கு பக்கமோ அந்தத் தாளை முழுதாகக் கேளுங்கள். மெயிலில் வாங்கினால் தேதியும் பதிவாகிவிடும். "ஓகே" என்று இருக்கும் ஒவ்வொரு வரியும் உங்களுக்குச் சாதகம். "லேசான கசிவு", "கவனிக்க வேண்டும்" என்று இருக்கும் வரிகளை அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: இந்தப் பாகம் திட்டத்தில் உண்டா, இல்லையா? இல்லை என்றால் சரிசெய்த பிறகு மறுபடி பார்த்து ஓகே என்று எழுதித்தருவார்களா? தரமாட்டார்கள் என்றால் வாங்க வேண்டாம்.

வெளி நிறுவனத் திட்டங்கள்

இங்கே விளம்பரங்கள் அதிகம், விலையில் பேரமும் உண்டு. பின்னால் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கலாம், ஆனால் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரு சேவை ஒப்பந்தம்தான். அதனால் ஒப்பந்தத்தின் சொற்களைத்தான் நம்ப வேண்டும். "முன்பே இருந்த பழுது" என்ற வரி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் "உங்களுக்குத் தெரிந்திருந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய பழுது" என்ற பொருளில் இருக்கும். வேறு சிலவற்றில் "தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தொடக்கத் தேதிக்கு முன்பே இருந்த எந்தப் பழுதும்" என்று இருக்கும். இந்த இரண்டும் ஒன்றல்ல. முதல் வகையில் உள்ளுக்குள் மறைந்திருந்து பிறகு வெளிவரும் பழுதுக்கு இடம் உண்டு. இரண்டாம் வகையில், கியர்பாக்ஸைத் திறந்து பார்த்து "இந்தத் தேய்மானம் ஒரு நாளில் வந்ததில்லை" என்று ஒரு மெக்கானிக் எழுதினால் போதும், கிளெய்ம் முடிந்தது. எந்தப் பாகமும் ஒரே நாளில் தேய்வதில்லையே. அப்படிப்பட்ட வரி இருக்கும் திட்டத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

இன்னொன்று, திறந்து பார்க்கும் செலவு யாருடையது? இன்ஜினையோ கியர்பாக்ஸையோ பிரித்தால்தான் காரணம் தெரியும். கிளெய்ம் ஏற்கப்பட்டால் பிரித்த கூலியும் சேர்ந்து வரும். மறுக்கப்பட்டால் பிரித்த கூலி, திரும்பப் பூட்டும் கூலி எல்லாம் உங்கள் பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். பிரிப்பதற்கு முன் அனுமதி வாங்கவில்லை என்பதே மறுப்புக்குக் காரணமாகவும் ஆகலாம். வண்டி வழியில் நின்றுவிட்ட பதற்றத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, அவர் உடனே பிரித்துவிட்டால் கதை அதோடு சரி.

பழுது எப்போது தொடங்கியது என்பதைக் கார் தானே ஓரளவு நினைவில் வைத்திருக்கும், இதையும் தெரிந்துகொள்வது நல்லது. பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி வந்த கார்களில் ஓபிடி என்ற தன்னாய்வு வசதி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கலாம். சில குறியீடுகளோடு, பிழை வந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் சூடு எவ்வளவு என்பதும் இருக்கும். குறியீடுகளை அழித்துவிட்டுத் திட்டம் வாங்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அது ஏமாற்று என்பது ஒருபக்கம். மறுபக்கம், அழித்திருக்கிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும். மெமரியை அழித்தால் கார் தன்னாய்வுகளை முதலிலிருந்து ஓட்டி முடிக்க வேண்டும், அதுவரை "முடியவில்லை" என்றுதான் ஸ்கேனர் காட்டும். அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல கார்கள் சொல்லிவிடும். இதே வசதி உங்களுக்கும் உதவும். திட்டம் வாங்கும் நாளில் ஒரு ஸ்கேன் எடுத்து, பிழை ஏதும் இல்லை என்ற அறிக்கையைத் தேதி, கிலோமீட்டரோடு வைத்துக்கொண்டால், அந்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

பழைய கார் வாங்கும்போது

பழைய கார் வாங்குபவர்களுக்கு இரண்டு நிலைமை. ஒன்று, கம்பெனியின் நீட்டிப்பு வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் காரைத் தெரிந்தவரிடமிருந்து வாங்குவது. இதற்கு நான் கூடுதல் விலை கொடுக்கவும் தயார். பெரும்பாலான கம்பெனிகளில் வாரண்டி வண்டியோடு வரும், ஆனால் பெயர் மாற்றத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிய வேண்டியிருக்கும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் வாரண்டி தேதியையும் பழைய சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள். மூன்று முறை ஒரே குறைக்கு வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, பழைய கார் விற்கும் நிறுவனம் தரும் வாரண்டி. பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இருக்கும், இன்ஜின், கியர்பாக்ஸ் மட்டும் என்று சுருங்கியும் இருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் இது மற்றவற்றை விட உங்களுக்குச் சாதகம். வண்டியைப் பரிசோதித்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி விற்றவரே வாரண்டியும் தருகிறார். அவரே பிறகு "முன்பே பழுது இருந்தது" என்றால், அப்படிப்பட்ட வண்டியை ஏன் விற்றீர்கள் என்ற கேள்வி வரும். சில நிறுவனங்கள் வாங்கிய சில நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கவும் அனுமதிக்கின்றன. அந்த நாட்கள்தான் இந்த வழியின் உண்மையான பாதுகாப்பு. வண்டியை எடுத்த மறுநாளே உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். கோயிலுக்குப் போய் மாலை போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

வாய்மொழியாக "இன்ஜின் கேரண்டி சார், நான் இருக்கேன்" என்று சொல்லும் சின்ன கன்சல்டன்ட்கள் நகரமெங்கும் உண்டு. நல்லவர்களும் இருக்கிறார்கள். டெலிவரி நோட்டில் அந்த வாக்கை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதித் தருபவர் சொன்ன வாக்கில் நிற்பார்.

சென்னையில் பழைய கார் என்றாலே வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கமெல்லாம் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. இப்போதெல்லாம் கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்துகிறார்கள் என்றால், பட்ட அனுபவம் அப்படி. தண்ணீரில் நின்ற காரில் பழுது உடனே தெரியாது. சீட்டுக்கு அடியில் உள்ள மின்னணுப் பெட்டிகளிலும் வயர் இணைப்புகளிலும் பச்சை பூத்து, மாதக்கணக்கில் கழித்து ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். எந்த வாரண்டியும் இதை ஏற்காது. தண்ணீர் என்பதே தனி விலக்கு, அதோடு முன்பே இருந்தது என்ற விலக்கும் சேரும். முந்தைய உரிமையாளர் காலத்தில் நடந்தது என்றாலும் விதி அதேதான். எனவே வாங்கும் முன்பே பாருங்கள். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து அடிப்பகுதியில் வண்டல் கறை இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் சேறோ துருவோ இருக்கிறதா, கார்பெட்டைத் தூக்கினால் வாடை வருகிறதா, சீட் கம்பிகளின் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா? புதிதாக மாற்றிய கார்பெட்டும் கனமான வாசனைத் திரவியமும் இருந்தால் நான் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன்.

நம் வண்டியே தண்ணீரில் மாட்டினால் கைகொடுப்பது வாரண்டி இல்லை, மோட்டார் இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர். அதை மழைக்கு முன்பே, புதுப்பிக்கும் நாளிலேயே சேர்த்திருக்க வேண்டும். பாலிசி காலாவதியாகி இடைவெளி விழுந்தால், வண்டியைப் பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் மறுபடி தருவார்கள். அங்கேயும் கேள்வி இதேதான்: சேதம் முன்பா, பின்பா?

குறை கம்பெனியுடையது என்றால்

ஒரு விதிவிலக்கு மிக முக்கியமானது. உங்கள் காரில் உள்ள குறை, அந்த மாடலில் பலருக்கும் உள்ள தயாரிப்புக் குறையாக இருந்து, கம்பெனி ரீகால், அதாவது வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக, அறிவித்திருந்தால், வாரண்டி இருக்கிறதா என்ற பேச்சே வராது. இலவசமாகச் செய்து தர வேண்டும். 2021 செப்டம்பரில் மாருதி, மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டில் இருக்கக்கூடிய குறைக்காக சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 ஆகிய பெட்ரோல் மாடல்களில் 1,81,754 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலும் ரீகாலுக்கென்று தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. மற்ற இடத்தில் எல்லாம் உங்களுக்கு எதிராக இருக்கும் "முன்பே இருந்த குறை" என்ற சொல், இங்கே உங்களுக்குச் சாதகம். நீட்டிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் கம்பெனி தளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டு ஒருமுறை பாருங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின் கீழ், எந்தக் கண்டுபிடிப்பின் அடிப்படையில் என்று இருக்க வேண்டும். மாற்றிய பாகத்தை வாங்கி வையுங்கள், படம் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சனை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அங்கே பேசுவதும் ஜாப் கார்டும் பரிசோதனைத் தாளும்தான்.

எதுவும் வாங்காமல் இருப்பது

இதுவும் ஒரு வழிதான், வெட்கப்பட வேண்டியதில்லை. வண்டிக்கு எட்டு வருடம் தாண்டிவிட்டது, எளிய பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக் இருக்கிறார், புதுப்பேட்டையில் பாகங்கள் கிடைக்கும் மாடல் என்றால், வாரண்டித் தொகையைத் தனியாக ஒரு ஆர்டியில் போடுவது மேல். திட்டம் வருடத்துக்கு 15,000 ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் வங்கியில் இருந்தால், அதில் கிளட்ச் மாற்றலாம், புஷ் மாற்றலாம், ஏற்கனவே இருக்கும் குறையையும் சரிசெய்யலாம். பழுது முன்பா பின்பா என்று யாரும் கேட்கமாட்டார்கள். மாறாக டர்போ டீசல், டிசிடி போன்ற தானியங்கி கியர்பாக்ஸ், சன்ரூஃப், கேமரா, சென்சார் நிறைந்த கார் என்றால் ஒரே பழுது பல வருடச் சேமிப்பைத் தின்றுவிடும். அங்கே கம்பெனி வாரண்டியை ஒரு நாளும் அறுபட விடக்கூடாது.

இனி, கையில் உள்ள காரில் குறை இருப்பது தெரிந்தே முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு என் பரிந்துரை. வாரண்டி முடிய இன்னும் நாள் இருந்தால், போன் செய்த ஷோரூம்காரரிடம் நீட்டிப்புப் பற்றிப் பேசுவதற்கு முன் சர்வீஸ் அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். குறையை முழுதாக எழுதவைத்து, பழைய வாரண்டியிலேயே சரிசெய்யவைத்து, பிறகு அதே வாரத்தில் நீட்டியுங்கள். நீட்டிப்பின் விலை ஏறும் தேதி நெருங்கினால் இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம், ஆனால் ஜாப் கார்டு முதலில் திறக்கப்பட வேண்டும். வாரண்டி முடிந்துவிட்டது என்றால் குறையை உங்கள் செலவில், பில்லோடு, முடிந்தால் அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலேயே சரிசெய்யுங்கள். சில வாரம் ஓட்டிப் பாருங்கள். குறை திரும்பவில்லை என்றால் பரிசோதனைத் திட்டத்துக்குப் போய், அந்த பில்லையும் காட்டி, அந்தப் பாகத்துக்கு எதிரே ஓகே வாங்குங்கள். குறை திரும்பிவிட்டது, காரணமும் பிடிபடவில்லை என்றால் எந்தத் திட்டத்துக்கும் பணம் கட்டாதீர்கள். அந்தத் தொகையில் இன்னொரு நல்ல மெக்கானிக்கிடம் காரணத்தைக் கண்டுபிடிக்கச் செலவு செய்யுங்கள்.